டப்ளின், பெல்ஃபாஸ்ட், டெர்ரி: வட அயர்லாந்தைக் காரில் சுற்றப் போகிறவர்களுக்கு

அயர்லாந்துக்குச் சுற்றுலா போகிற நம்மவர்களில் பலர் டப்ளினில் காலையில் பஸ் ஏறி, வடக்கே ஜயண்ட்ஸ் காஸ்வேயில் படம் எடுத்து, பெல்ஃபாஸ்டில் டைட்டானிக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடுகிறார்கள். நேரம் இல்லாதவர்களுக்கு அது சரிதான். ஆனால் அந்த பஸ் கடந்துபோகும் ஊர்களில்தான் 1960களின் கடைசியில் தொடங்கி 1998 வரை கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் பிரிட்டிஷ் ராணுவமும் மூன்று முனைகளாக நின்று சண்டையிட்டு, 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். பாதிக்கு மேல் சாதாரண மக்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பச்சை வயலும் ஆடுகளும் மட்டும்தான் தெரியும்.

ஒரு வாரம் ஒதுக்கி, சொந்தமாகக் கார் ஓட்டிப் போக நினைப்பவர்களுக்கானது இந்தக் கட்டுரை. திட்டத்தை ஒரே ஒரு விதியை வைத்துப் போட்டிருக்கிறேன்: எந்த ஊரிலும் ஒரு தரப்பின் கதையைக் கேட்டால், அந்த ஊரைவிட்டுக் கிளம்பும் முன் மறுதரப்பின் கதையையும் கேட்டுவிட வேண்டும். தள்ளிப்போட்டால் முதலில் கேட்டதே மனதில் உறைந்துவிடும்.

முதல் வேலை: விசா

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. தெற்கே இருக்கும் அயர்லாந்துக் குடியரசு தனி நாடு. இரண்டுக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. அதில் 200க்கும் மேற்பட்ட சாலைகள் குறுக்கே போகின்றன. எதிலும் கேட் கிடையாது, பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரியும் கிடையாது. அதனால் விசாவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டப்படி இரண்டு நாட்டுக்கும் அனுமதி வேண்டும். சோதனைச் சாவடி இல்லையே தவிர, எல்லை தாண்டும் பஸ்களிலும் ரயில்களிலும் போலீஸ் ஏறி ஆவணம் கேட்பது உண்டு.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒரு வசதி இருக்கிறது. அதன்கீழ் கொடுக்கப்பட்ட குறுகிய காலச் சுற்றுலா விசாவில் பி.ஐ.வி.எஸ். என்ற குறிப்பு இருக்கும். இருந்தால் அந்த ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போகலாம், ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இந்த வசதி இல்லை. இரண்டு விசாவும் தனித்தனியாக எடுக்க வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது வேறு இடத்தில். லண்டனிலோ பர்மிங்காமிலோ வேலை விசாவிலும் நிரந்தர வதிவிட உரிமையிலும் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் "நாம்தான் பிரிட்டனில் இருக்கிறோமே" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் குடியரசுக்குள் போக ஐரிஷ் விசா தேவை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன் இரு அரசுகளின் தளங்களிலும் பார்த்துவிடுங்கள்.

பிரிட்டன் விசா மட்டும் இருந்தால் பெல்ஃபாஸ்டில் இறங்கி பெல்ஃபாஸ்டிலேயே முடியுங்கள். அப்போது கூகுள் மேப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். எல்லை நேர்கோடு அல்ல, ஓடைகளையும் வயல் வரப்புகளையும் ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. க்ளோன்ஸ் ஊரில் இருந்து கேவன் போகும் சாலை சில கிலோமீட்டருக்குள்ளேயே நான்கு முறை நாடு மாறுகிறது. மேப் அதைச் சொல்லவே சொல்லாது.

இரண்டாவது: மாதம்

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர். இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள்.

ஜூலையை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், அது ஊர்வல காலம். 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்ட் மன்னர் வில்லியம், தன் மாமனாரான கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸைத் தோற்கடித்ததை ஆரஞ்ச் ஆர்டர் என்ற அமைப்பு ஒவ்வொரு ஜூலை 12ஆம் தேதியும் கொண்டாடுகிறது. தோளில் ஆரஞ்சுப் பட்டை, புல்லாங்குழல் குழுக்கள், ஆளை மறைக்கும் அளவுக்குப் பெரிய லாம்பெக் முரசு. முந்தைய இரவு பல மாடி உயரத்துக்கு மரத் தட்டுகளை அடுக்கிச் சொக்கப்பனை கொளுத்துவார்கள். அதன் உச்சியில் ஐரிஷ் கொடி, தேர்தல் சுவரொட்டி என்று எதிர்த்தரப்பு அடையாளங்களும் எரியும். 2025 ஜூலையில் மொய்கஷெல் என்ற ஊரில் படகில் வரும் குடியேறிகளைப் போல பொம்மைகள் செய்து எரித்தார்கள். பழைய பகை புதிய ஆட்களையும் தேடிக்கொள்கிறது.

நம் ஊரில் சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று வரும் தகராறைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். இங்கேயும் சண்டை ஊர்வலத்தைப் பற்றியது அல்ல, அது எந்தத் தெருவில் நுழைகிறது என்பதைப் பற்றியது. போர்ட்டடவுனில் டிரம்கிரீ தேவாலயத்தில் இருந்து கார்வாகி சாலை வழியாகத் திரும்பும் ஊர்வலம் 1990களில் ஆண்டுதோறும் கலவரமானது. இப்போது பாதையை முடிவு செய்வது பரேட்ஸ் கமிஷன் என்ற தனி ஆணையம். 1998இல் இருந்து அந்தச் சாலைக்கு அனுமதி இல்லை.

ஊர்வலத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு யோசனை: குடியரசுப் பக்கம் டொனிகால் கடற்கரையில் ராஸ்னௌலா என்ற சிற்றூரில், ஜூலை 12க்கு முந்தைய சனிக்கிழமை ஓர் ஆரஞ்ச் ஊர்வலம் நடக்கிறது. குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற மாதிரி அமைதியானது. ஆகஸ்டு 12ஐ ஒட்டிய சனிக்கிழமை டெர்ரியிலும் பெரிய ஊர்வலம் உண்டு. அன்று அந்த ஊரில் அறையும் கிடைக்காது, பார்க்கிங்கும் கிடைக்காது.

மூன்றாவது: கார்

நம் ஊர் போலவே இடப்பக்க ஓட்டம், அது ஒரு நிம்மதி. வாடகைக் கம்பெனியிடம் எல்லை தாண்டப்போவதை முன்பே சொல்லி, இன்சூரன்ஸ் இரண்டு பக்கமும் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் அதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

எல்லை தாண்டியதைத் தெரிந்துகொள்ளச் சாலையைப் பாருங்கள். குடியரசில் சாலையோரக் கோடு மஞ்சள், வடக்கே வெள்ளை. தெற்கே பெயர்ப்பலகையில் ஐரிஷ் மொழியும் சேர்ந்து இருக்கும், வேகம் கிலோமீட்டரில். வடக்கே மைலில். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்: டப்ளினில் எடுத்த காரின் மீட்டர் கிலோமீட்டர் காட்டும். வடக்கே பலகையில் 30 என்று இருந்தால் உங்கள் மீட்டரில் 48, பலகையில் 60 என்றால் 97. பெல்ஃபாஸ்டில் கார் எடுத்துத் தெற்கே வந்தால் இன்னும் ஆபத்து. குடியரசில் கிராமச் சாலைகளின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரியில் 80இல் இருந்து 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. அந்த 60ஐ மைல் என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது.

வடக்கே சில கார்களில் ஆரஞ்சு நிறத்தில் 'ஆர்' எழுத்து ஒட்டியிருக்கும். உரிமம் வாங்கி ஓராண்டு ஆகாதவர்கள். மணிக்கு 45 மைல்தான் போவார்கள். பின்னால் நின்று ஹாரன் அடிக்காதீர்கள்.

நான்காவது: தெருவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டிய சரித்திரம் அதிகம் இல்லை. 1609க்குப் பின் ஸ்காட்லாந்தில் இருந்தும் இங்கிலாந்தில் இருந்தும் புராட்டஸ்டண்ட் குடியேறிகளைத் தீவின் வடக்கே இருக்கும் அல்ஸ்டர் பகுதியில் திட்டமிட்டுக் குடியமர்த்தினார்கள். நிலத்தை இழந்தவர்கள் கத்தோலிக்க ஐரிஷ்காரர்கள். 1921இல் தீவு பிரிந்தபோது, வடக்கே ஆறு கவுண்டிகள் (மாவட்டங்கள்) பிரிட்டனோடு நின்றன. அங்கே சிறுபான்மையான கத்தோலிக்கர்களுக்கு வீடு, வேலை, உள்ளாட்சி ஓட்டு எல்லாவற்றிலும் பாரபட்சம். 1968இல் சிவில் உரிமை ஊர்வலங்களைப் போலீஸ் அடித்தது, 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. அப்புறம் அயர்லாந்தோடு சேர ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) ஒரு பக்கம், பிரிட்டனோடு இருக்க ஆயுதம் எடுத்த யு.வி.எஃப்., யு.டி.ஏ. போன்ற லாயலிஸ்ட் குழுக்கள் மறுபக்கம். 1998 ஏப்ரல் 10ஆம் தேதி, புனித வெள்ளியன்று உடன்பாடு கையெழுத்தானது. மே மாத வாக்கெடுப்பில் வடக்கே 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

சண்டை எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பதைப் பற்றியதல்ல. இந்த நிலம் பிரிட்டனோடு இருக்க வேண்டுமா, அயர்லாந்தோடு சேர வேண்டுமா என்பதுதான். மதம் இங்கே எந்தப் பக்கத்து ஆள் என்பதற்கான அடையாளம்.

அந்த அடையாளத்தைத் தெருவே காட்டிக்கொடுக்கும். நடைபாதை ஓரக் கற்கள் சிவப்பு, வெள்ளை, நீலமாகப் பெயின்ட் அடித்திருந்தால் பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகளின் பகுதி. பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்றால் அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதிகள். விளக்குக் கம்பத்தில் யூனியன் ஜாக்கோ, சிவப்புக் கை போட்ட அல்ஸ்டர் கொடியோ பறந்தால் ஒரு பக்கம். ஐரிஷ் மூவர்ணக் கொடி என்றால் மறுபக்கம். பாலஸ்தீனக் கொடி தேசியவாதத் தெருக்களிலும் இஸ்ரேல் கொடி லாயலிஸ்ட் தெருக்களிலும் பறப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தங்கள் சண்டையின் சாயலை அங்கே பார்க்கிறார்கள். கிளாஸ்கோ கால்பந்து அணிகளின் சட்டைகளும் அப்படித்தான்: செல்டிக் கத்தோலிக்கர்களுக்கு, ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டண்டுகளுக்கு. பெட்டியில் இரண்டுமே இருக்க வேண்டாம். பச்சைச் சட்டை, ஆரஞ்சுச் சட்டைக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை; நீங்கள் வெளியூர் என்பது முகத்திலேயே எழுதியிருக்கிறது.

ஐந்தாவது: டப்ளினில் இருந்து எல்லை வரை

கிளம்பும் காலையில் டப்ளின் டால்பட் தெருவில் இருக்கும் நினைவுக் கல்லில் சிறிது நேரம் நில்லுங்கள். 1974 மே 17 அன்று டப்ளினிலும் மோனஹனிலும் யு.வி.எஃப். வைத்த கார் குண்டுகளில் 33 பேர் செத்தார்கள். அந்த முப்பது ஆண்டுகளில் ஒரே நாளில் அதிகம் பேர் இறந்தது அன்றுதான், அதுவும் எல்லைக்குத் தெற்கே. பலர் இதை வடக்கின் கதை என்று மட்டும் நினைக்கிறார்கள்.

எம்1 நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டரில் ட்ராகெடா வரும். அதை ஒட்டி ஓல்ட்பிரிட்ஜ் மாளிகையில் பாய்ன் போர் நடந்த இடம், நல்ல கண்காட்சியோடு பராமரிக்கப்படுகிறது. வடக்கே சுவரெல்லாம் வெள்ளைக் குதிரையில் வில்லியம் மன்னரைப் பார்க்கப்போகிறீர்கள். அவர் யார் என்று இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

எல்லை தாண்டியதும் நெடுஞ்சாலையிலேயே பெல்ஃபாஸ்ட் ஓடிவிடாதீர்கள். நியூரியைச் சுற்றிய தெற்கு ஆர்மா குன்றுகள் அழகானவை. ஸ்லீவ் கல்லியன் மலைச் சாலையில் ஏறினால் இரண்டு நாடும் தெரியும். அந்தக் காலத்தில் இந்தக் குன்றுகளின் தலையில் எல்லாம் ராணுவக் கண்காணிப்புக் கோபுரம் இருந்தது. சாலையில் குண்டு வைக்கிறார்கள் என்று வீரர்கள் ஹெலிகாப்டரிலேயே போய்வந்தார்கள். 2007இல் ராணுவ நடவடிக்கை முடிந்தபோது கோபுரங்களும் போய்விட்டன.

நியூரியில் இருந்து வாரன்பாயின்ட் போகும் சாலையில் நாரோ வாட்டர் கோட்டை அருகே 1979 ஆகஸ்டு 27 அன்று ஐ.ஆர்.ஏ. குண்டுகளில் 18 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள். அதே நாளில்தான் மேற்கே ஸ்லைகோ கடற்கரையில் மவுண்ட்பேட்டனின் படகைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். ஆம், நம் பாடப்புத்தகத்தில் வரும் அதே கடைசி வைஸ்ராய்தான். படகில் இருந்தவர்களில் 14, 15 வயதுப் பையன்கள் இருவரும் அவரோடு இறந்தார்கள்.

கிங்ஸ்மில் சாலையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1976 ஜனவரி 4 அன்று இந்த வட்டாரத்தில் லாயலிஸ்டுகள் இரண்டு வீடுகளில் ஆறு கத்தோலிக்கர்களைச் சுட்டார்கள். மறுநாள் மாலை ஆலையில் இருந்து வேலை முடிந்து வந்த வேனை மறுதரப்பு ஆயுததாரிகள் மறித்து, உள்ளே யார் கத்தோலிக்கர் என்று கேட்டார்கள். ஒரே ஒருவர்தான். அவரைத்தான் கொல்லப்போகிறார்கள் என்று நினைத்து, இரு பக்கமும் நின்ற புராட்டஸ்டண்ட் தோழர்கள் அவரை முன்னே போகவிடாமல் தடுத்தார்கள். அவரை ஓடச் சொல்லிவிட்டு மற்ற பதினொரு பேரையும் சுட்டார்கள். பத்துப் பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க நேரம் என்றால், நான் இதைச் சொல்வேன்.

இரவு ஆர்மா ஊரில் தங்கலாம். எதிரெதிர் குன்றுகளில் இரண்டு பேராலயங்கள், ஒன்று கத்தோலிக்கம், ஒன்று ஐரிஷ் சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை. இரண்டுக்கும் பெயர் புனித பேட்ரிக் பேராலயம்தான். இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

ஆறாவது: பெல்ஃபாஸ்டில் குறைந்தது இரண்டு இரவு

காரை ஹோட்டலில் விட்டுவிடுங்கள். முதல் நாள் காலை கருப்பு டாக்ஸி எடுங்கள். கலவர காலத்தில் பஸ்களை மறித்து எரித்ததால் பஸ் நின்றுபோன தெருக்களில், பழைய லண்டன் டாக்ஸிகளை வாங்கி ஷேர் ஆட்டோ போல ஓட்டினார்கள். அதில் இருந்து வந்ததுதான் இந்த டாக்ஸிச் சுற்றுலா. ஓட்டுநர் உள்ளூர்க்காரர், அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. ஏறும் முன் கட்டணத்தோடு எந்தத் தெருக்கள் என்பதையும் கேளுங்கள். அன்று கூட்டத்தைக் கலைக்கச் சுட்ட ரப்பர் தோட்டா ஒன்றைப் பலர் கையில் வைத்திருப்பார்கள். வாங்கிப் பாருங்கள். ரப்பர் என்ற சொல் ஏமாற்று. கனமான உருளை அது.

ஃபால்ஸ் சாலை கத்தோலிக்கப் பக்கம். அயர்லாந்தோடு சேர வேண்டும் என்னும் ஷின் ஃபெய்ன் கட்சி அலுவலகத்தின் பக்கச் சுவரில் பாபி சாண்ட்ஸின் சிரித்த முகம். சிறையில் அரசியல் கைதி அந்தஸ்து கேட்டு 66 நாள் உண்ணாவிரதம் இருந்து 1981 மே 5இல் இறந்தார், இருக்கும்போதே எம்.பி.யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அவருக்குப் பின் இன்னும் ஒன்பது பேர் அப்படியே செத்தார்கள். அங்கிருந்து க்ளோனார்ட் பகுதிக்குள் நடந்தால் தெருப் பெயர்களைப் பார்த்து நிற்பீர்கள்: பாம்பே தெரு, காஷ்மீர் சாலை, கான்பூர் தெரு. பேரரசு காலத்துப் பெயர்கள். 1969 ஆகஸ்டில் பாம்பே தெரு வீடுகளைப் பக்கத்துப் பகுதியில் இருந்து வந்த கும்பல் கொளுத்தியது. இன்று அந்த வீடுகளின் கொல்லைப்புறத்தின் மேல் இரும்பு வலைக்கூண்டு போட்டிருக்கிறார்கள். சுவருக்கு அப்பால் இருந்து கல் வந்தால் தடுக்க.

அந்தச் சுவர்தான் கூப்பர் வேயில் இரு தரப்புத் தெருக்களையும் பிரித்து நிற்கும் 'அமைதிச் சுவர்'. அந்தப் பக்கம் போக லானார்க் வே கேட் வழியாகச் சுற்ற வேண்டும். பகலில் திறந்திருக்கும், இரவில் மூடிவிடுவார்கள். 2023க்குள் எல்லாச் சுவர்களையும் எடுத்துவிடுவதாக 2013இல் அரசு சொன்னது. நடக்கவில்லை. சுவரை ஒட்டி வாழ்பவர்களில் பலரே, இப்போது வேண்டாம் என்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் மார்க்கரில் சுவரில் வாசகம் எழுதுவது வழக்கம். எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. எழுதுகிறவர் ஹோட்டலுக்குப் போய்விடுகிறார், அதன் நிழலில் இருப்பவர்தான் தினமும் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது புராட்டஸ்டண்ட் பக்கமான ஷாங்கில் சாலை. இதைத் தவறவிட்டு ஃபால்ஸோடு திரும்புகிறவர்கள் அதிகம், ஏனென்றால் கத்தோலிக்கப் பக்கக் கதைதான் உலகத்துக்கு அதிகம் தெரிந்தது. ஷாங்கிலில் 1993 அக்டோபர் 23, சனிக்கிழமை மதியம், ஃப்ரிஸல் மீன் கடைக்குள் ஐ.ஆர்.ஏ. கொண்டுவந்த குண்டு முன்னதாகவே வெடித்தது. கடையில் நின்ற ஒன்பது பேரும், கொண்டுவந்தவர்களில் ஒருவரும் செத்தார்கள். இங்கே பேசக் கூச்சப்பட வேண்டாம். தங்கள் பக்கத்தைக் கேட்க யாரும் வருவதில்லை என்ற மனக்குறை அவர்களுக்கு உண்டு. ஒரே நடையில் ஃபால்ஸில் முன்னாள் ரிபப்ளிகன் கைதி ஒருவர் கூட்டிவந்து, சுவரருகே முன்னாள் லாயலிஸ்ட் ஒருவரிடம் ஒப்படைக்கும் சுற்றுலாவும் இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

மாலை அல்ஸ்டர் மியூசியம் போங்கள், இலவசம். மறுநாள் க்ரம்லின் ரோடு சிறை, அப்புறம் டைட்டானிக். அந்தக் கப்பலைக் கட்டிய தளத்தில் இருந்து 1920 ஜூலையில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்களை, அவர்களுக்குப் பரிந்து பேசிய புராட்டஸ்டண்ட் சோஷலிஸ்டுகளையும் சேர்த்து, சக தொழிலாளர்களே அடித்து விரட்டியிருக்கிறார்கள். சிறைக்குப் போகும் வழியில் க்ளிஃப்டன் தெருவில் ஆரஞ்ச் ஹால் கூரைமேல் குதிரையோடு வில்லியம் நிற்பார். அதே தெருவில் இந்திய சமூக மையமும் அதற்குள் ஒரு கோயிலும் இருக்கின்றன.

ஏழாவது: கடற்கரை

பெல்ஃபாஸ்டில் இருந்து டெர்ரிக்கு நேராக ஏ6 சாலையில் ஒன்றரை மணி நேரம். கடற்கரையைச் சுற்றிப் போனால் ஒரு முழு நாள், போங்கள். ஜயண்ட்ஸ் காஸ்வேயில் சுமார் 40,000 எரிமலைப் பாறைத் தூண்கள். பாறைகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை; பார்க்கிங்குக்கும் கண்காட்சிக்கும்தான். மற்றதை எந்த யூடியூப் சேனலும் சொல்லும்.

எட்டாவது: டெர்ரி

பெயரில் இருந்தே தொடங்குகிறது. வடக்கே நெடுஞ்சாலைப் பலகையில் லண்டன்டெர்ரி என்று இருக்கும், பல இடங்களில் 'லண்டன்' பகுதி மட்டும் பெயின்டால் அடிக்கப்பட்டிருக்கும். குடியரசுப் பலகையில் டெர்ரி. எதைச் சொல்வது? ஊருக்குள் பெரும்பாலும் டெர்ரிதான். எதிரில் இருப்பவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள்.

1613 முதல் 1618க்குள் கட்டிய நகர மதில் முழுசாக இருக்கிறது, சுமார் ஒன்றரை கிலோமீட்டர். மேலேயே சுற்றி நடக்கலாம், காசு கிடையாது. 1689இல் ஜேம்ஸின் படை 105 நாள் முற்றுகையிட்டும் விழாத மதில். ஒரு பக்கம் கீழே பார்த்தால் கத்தோலிக்க பாக்சைட், இன்னொரு பக்கம் ஒட்டிக்கொண்டு ஃபவுன்டன் என்ற சிறு புராட்டஸ்டண்ட் குடியிருப்பு. அதன் சுவரில், ஃபாயில் ஆற்றின் மேற்குக் கரை லாயலிஸ்டுகள் இன்னும் முற்றுகையில் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். முன்னூறு ஆண்டு கழித்து அந்த வாக்கியம் அவர்களுக்கு உண்மையாகவே படுகிறது. மதிலுக்குள்ளேயே சீஜ் மியூசியம் அவர்கள் கதையைச் சொல்கிறது. முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் கீழே இறங்குங்கள்.

பாக்சைடில் 1972 ஜனவரி 30, ஞாயிறு. விசாரணையின்றிச் சிறைவைப்பதை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் பாராசூட் ரெஜிமென்ட் சுட்டு 13 பேர் அன்றே செத்தார்கள், இன்னொருவர் பின்னர் இறந்தார். அவசரமாக நடந்த முதல் விசாரணை ராணுவத்தின் பக்கம் பேசியது. 2010இல்தான் நீதிபதி சாவில் (Saville) தலைமையிலான விசாரணைக் குழு, சுடப்பட்டவர்களால் யாருக்கும் ஆபத்து இருக்கவில்லை என்று சொன்னது; அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வழக்குத் தொடரப்பட்ட ஒரே வீரர் 2025 அக்டோபரில் விடுவிக்கப்பட்டார். ஃப்ரீ டெர்ரி மியூசியம் நடந்த இடத்திலேயே இருக்கிறது; அங்கே வேலை செய்பவர்களில் இறந்தவர்களின் உறவினர்களும் உண்டு. கேள்வி கேட்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

அருகிலேயே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியின் சுவரோவியம். 1971இல் சுட்டுக்கொல்லப்பட்ட 14 வயதுப் பெண். ஓவியர்கள் மேலே ஒரு பட்டாம்பூச்சியை நிறம் தீட்டாமல் விட்டிருந்தார்கள். அமைதி நிலைக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகு, 2006இல் அதற்கு நிறம் கொடுத்து, பக்கத்தில் இருந்த துப்பாக்கியை உடைந்ததாக மாற்றினார்கள்.

இரவில் 2011இல் திறந்த அமைதிப் பாலத்தில் ஃபாயில் ஆற்றைக் கடந்து பாருங்கள். அக்கரை பழைய ராணுவ முகாம். இப்போது சாப்பாட்டுக் கடைகளும் மைதானமும்.

ஒன்பதாவது: ஓமா, என்னிஸ்கில்லன், திரும்பும் வழி

டெர்ரியில் இருந்து தெற்கே ஏ5 சாலை. விபத்துக்குப் பேர்போனது, முந்தப் பார்க்காதீர்கள். ஓமாவில் 1998 ஆகஸ்டு 15 அன்று, உடன்பாட்டை ஏற்காத ரியல் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் 29 பேரும், வயிற்றில் இருந்த இரட்டைக் குழந்தைகளும் இறந்தார்கள். எச்சரிக்கை அழைப்பு இடத்தைத் தப்பாகச் சொன்னதால் போலீஸ் மக்களைக் குண்டின் பக்கமாகவே நகர்த்தியது. நினைவுத் தோட்டத்தில் 31 சிறு கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துத் தெருவில் இருக்கும் கண்ணாடித் தூணுக்குள் இருக்கும் இதயத்துக்கு அனுப்புகின்றன. மேகம் மூடிய நாளில் ஒன்றும் தெரியாது, அங்கே பாதி நாள் மேகம்தான்.

என்னிஸ்கில்லனில் 1987 நவம்பர் 8 அன்று, போர் வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியவர்கள் மீது ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்து 11 பேர் செத்த இடம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மார்பிள் ஆர்ச் குகைகளுக்குப் போங்கள். ஒரு வாரம் கேட்டதை எல்லாம் இறக்கி வைக்க ஒரு நாள் ஏரி, குகை, படகு தேவைப்படும். அங்கிருந்து மோனஹன் வழியாகவோ கேவன் வழியாகவோ டப்ளின்.

பேச்சும் பாதுகாப்பும்

நீங்கள் கத்தோலிக்கரா என்று யாரையும் கேட்காதீர்கள். தேவையும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் பெயர், பள்ளிக்கூடம் இரண்டையும் வைத்தே கணித்துவிடுவார்கள். இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த பள்ளிகளில் இன்றும் பத்தில் ஒரு பிள்ளைகூடப் படிப்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். "ஐரிஷ்காரர்களான நீங்கள்", "பிரிட்டிஷ்காரர்களான நீங்கள்" என்று நீங்களாகத் தொடங்க வேண்டாம். உடன்பாட்டின்படி ஒருவர் இரண்டில் எதுவாகவும், இரண்டுமாகவும் இருக்கலாம். நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டால், கேட்க வந்தேன் என்று சொன்னால் போதும். இலங்கையில் இருந்து வந்தவர் என்று தெரிந்தால் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். நல்ல உரையாடல்கள் அப்படித்தான் அமைகின்றன.

சுவரோவியங்களைப் படம் எடுக்கலாம். ஆட்களை, போலீஸ் நிலையங்களை, சொக்கப்பனைக்கு மரம் அடுக்கும் பையன்களை எடுக்க வேண்டாம். வடக்கே போலீஸ் துப்பாக்கி வைத்திருப்பது வழக்கம், பதற வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆங்கில வழிகாட்டிகளில் பெரும்பாலும் வராது. 2024 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் குடியேறிகளின் கடைகளைத் தாக்கினார்கள். 2025 ஜூனில் பாலிமீனாவில் சில நாள் வெளிநாட்டவர் வீடுகளைத் தேடிக் கொளுத்தினார்கள். இது தினசரி நிலைமை இல்லை. மற்றபடி நம்மை வழிமறித்துப் பேசி, வழி சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுக்கும் ஊர். ஆனாலும் தினமும் காலையில் உள்ளூர்ச் செய்தியைப் பாருங்கள். எங்காவது போராட்டம் என்றால் அந்த ஊரை அன்று விட்டுவிடுங்கள். சுவரை ஒட்டிய தெருக்களில் இருட்டிய பின் சுற்ற வேண்டாம். அவசரத்துக்கு இரண்டு பக்கமும் 999.

கடைசியாகக் காசு விஷயம். வடக்கே பவுண்டு, தெற்கே யூரோ. வட அயர்லாந்து வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு அச்சடிக்கின்றன. செல்லும் நோட்டுதான், ஆனால் லண்டனில் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், சென்னையில் மாற்றவே முடியாது. கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள். வடக்கே சாலைச் சுங்கம் இல்லை. டப்ளினைச் சுற்றும் எம்50இல் உண்டு, ஆனால் கேட் இருக்காது. கேமரா படம் எடுத்துக்கொள்ளும், மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்ட வேண்டும். வாடகைக் காரில் அது சேர்ந்திருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஊர் திரும்பிய பிறகு அபராதம் கிரெடிட் கார்டில் வந்து நிற்கும்.